காட்சிக் குளத்துக் கெண்டைகள்

விடிவதற்குள் கசடு பிழியும் இயந்திரத்தின் அடியில் நின்று வண்டல் வழித்தோம். சாயப்பட்டறைகள் அன்று ஊதாச் சாயக் கழிவைத் திறந்துவிட்டிருந்தன. எங்கள் முழங்கைவரை ஊதா. அழுகிய முட்டை நாற்றம் தொண்டைக்குள் இறங்கியிருந்தது. அரிசிக் கஞ்சியிலும் அதே வாடை.

அடுத்த வேலை மீன். பாங் முதலாளியின் சுத்திகரிப்பு நிலைய வாசலில் ஒரு காட்சிக் குளம் உண்டு. சுத்திகரித்த நீரில் சிவப்புக் கெண்டைகள் நீந்துவதைக் காட்டித்தான் ஷாங்காய் முதலீட்டாளர்களை அவர் வளைக்கிறார். அந்த நீரில் கெண்டை ஒரு நாள்தான் தாங்கும். எனவே தினமும் விடியலில் செத்ததை அள்ளி, சந்தையில் வாங்கியதை விடுவோம். ஆற்றைக் காப்பாற்றும் தொழிலாம் இது! வெட்கக்கேடு, இரண்டு வருடம் நானும் அதைச் செய்தேன்.

முந்தின நாள் அடைப்பெடுக்கக் கசடுத் தொட்டிக்குள் இறங்கிய குவாங் அண்ணன் விஷவாயு தாக்கி விழுந்தார். முகமூடி கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தோம். கயிறு கட்டி நாங்கள்தான் தூக்கினோம். இப்போது மருத்துவமனையில் குழாய் வழியே மூச்சு விடுகிறார்.

பாங் ஒரு தாளோடும் சிவப்பு மைப் பெட்டியோடும் வந்தார்.

"குவாங் சாராயம் குடிச்சுட்டு, யார் சொல்லையும் கேக்காம இறங்கினான்னு எழுதியிருக்கு. எல்லாரும் கைரேகை வைங்க."

வைத்தால் அது வேலை விபத்து ஆகாது. அண்ணனின் வைத்தியம் அவர் மனைவி தலையில் விழும். பம்பு ஓட்டும் குய்ஃபாங் அக்கா சிரித்தாள்.

"குவாங் அண்ணன் வயித்துப் புண்ணுக்காரரு, முதலாளி. நாலு வருசமா வெந்நீர் தவிர ஒண்ணும் குடிக்கல. வெந்நீர்ல போதை ஏறுமா?"

"வாயை அடக்கு. கம்பெனி படுத்தா உனக்கும் சோறு கிடையாது. ஷாங்காய்க்காரங்க பஸ் வந்துட்டிருக்கு, முதல்ல மீனை மாத்துங்க!"

சந்தையில் வாங்கிய கெண்டைகள் நிரம்பிய தொட்டிகள் மூடியோடு வரிசையாக இருந்தன. அக்கா கையுறையைக் கழற்றினாள். முதல் தொட்டியின் மூடிமேல் போய் உட்கார்ந்தாள்.

"என்ன இது?"

"கால் வலிக்குது முதலாளி."

ஊரில் மகள் என் சம்பளத்தில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் கயிற்றின் முனையில் கனத்த அண்ணனின் உடம்பு உள்ளங்கையில் இன்னும் எரிந்தது. அடுத்த மூடியில் உட்கார்ந்தேன். வண்டல் வழிப்பவர்கள், வண்டி தள்ளுபவர்கள் என்று பதினோரு பேரும் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"இன்னிக்கே உங்க எல்லாரையும் விரட்டுறேன்!"

பஸ் வந்து நின்றது. வெள்ளைச் சப்பாத்து அணிந்த ஒரு பெண் குளத்தருகே போய், மூக்கைப் பொத்திக்கொண்டாள். மல்லாந்து மிதந்த கெண்டைகளைக் கண்டு திரும்பினாள்.

"மீனெல்லாம் செத்துக் கிடக்கே?"

"பம்புக் கோளாறுங்க, சின்னது..." என்று ஓடினார் பாங்.

"கோளாறெல்லாம் இல்லம்மா, தினம் இப்படித்தான்," என்றாள் அக்கா. "மீன் செத்தா மாத்திடுவோம். நேத்து எங்க ஆளு ஒருத்தர் விழுந்துட்டாரு. அவருக்குப் பதிலா யாரை வாங்கி வச்சிருக்காருன்னு முதலாளியக் கேளுங்க."

பாங் போனை எடுத்துக் காவலாட்களைக் கூப்பிட்டார். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

அக்கா என் ஊதாக் கையைப் பிடித்தாள். நான் பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்தேன். எங்களுக்குக் கீழே உயிருள்ள கெண்டைகள் மூடிகளை முட்டிக்கொண்டிருந்தன. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.