துராய் என்ன விலை?

சோணைமுத்து பழைய சரிகை வாங்குகிறவன். புதுமண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் கடை. கிழிந்த பட்டு, நைந்த கூரைச்சேலை, நாடகக்காரர்கள் கழித்துப்போட்ட சட்டை, எது வந்தாலும் நிறுத்து வாங்குவான். விற்க வருகிறவனிடம் பேரோ ஊரோ கேட்க மாட்டான். கேட்டால் பதில் சொல்லித் தொலைத்துவிடுவார்களே என்று பயம்.

அன்று காலை ஏட்டையா விருமாண்டி வாசலில் நின்று ஒரு தாளை வாசித்தார். மேற்கே ஒரு ஜமீன் அரண்மனையில் திருட்டாம்.

"வெள்ளிக் கூசா ரெண்டு. தந்தப்பிடிக் கத்தி ஒண்ணு. துராய் ஒண்ணு. மத்தது போனாப் போகுது, துராயைப் பிடிய்யாங்கிறாரு ஜமீன்தாரு. வச்சிருக்கவன் ஆம்புட்டா ரெண்டு வருசம் கம்பி எண்ணணும்."

"எண்ண வேண்டியதுதாங்க" என்றான் சோணைமுத்து.

பழைய சாமான் வாங்கும் நாலு கடைக்கு மட்டும் வாசித்துவிட்டு ஏட்டையா போனார். சோணைமுத்துவுக்குக் கூசாவும் கத்தியும் தன்னிடம் இல்லை என்று தெரியும். துராய் இருக்கிறதா என்று தெரியவில்லை. துராய் என்றால் என்னவென்று தெரிந்தால்தானே அது தெரியும்?

போன வாரம் முகம் தெரியாத ஒருவன் ஒரு மூட்டையை அவசரமாகத் தள்ளிவிட்டுப் போயிருந்தான். கதவைச் சாத்திக்கொண்டு அதை மறுபடி அவிழ்த்தான். முத்துப் பதித்த பிறை ஒன்று. சரிகைக் கச்சை ஒன்று. குஞ்சம் வைத்த தங்க ஊசி ஒன்று. மூடியில்லாத வெள்ளிச் சிமிழ் ஒன்று. நாலில் எது துராய்? எல்லாவற்றையும் வைகையில் போட்டுவிட்டால் அன்றைக்கே நிம்மதி. ஆனால் துராய் அல்லாத மூன்றையும் சேர்த்து எதற்குப் போட வேண்டும்? அந்தக் கணக்கில்தான் அவன் மாட்டினான்.

ஏட்டையாவிடம் கேட்க முடியாது; கேட்கிறவன் தன்னிடம் இருக்கிறதா என்று பார்க்கத்தானே கேட்கிறான் என்பார். அதனால் வியாபாரமாகக் கேட்டுவிடுவது என்று புறப்பட்டான்.

புதுமண்டபத்தில் பாசிமணி விற்கும் கண்ணுச்சாமியிடம் முதலில் போனான். "தம்பி, துராய் இப்ப என்ன விலை போகுது?"

கண்ணுச்சாமி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "எம்புட்டு வேணும்ணே?"

"சும்மா கேட்டேன்ப்பா."

"வரத்தே இல்லண்ணே. இருந்ததையும் திருநெல்வேலிக்காரன் அள்ளிட்டுப் போயிட்டான்."

அடுத்து, நாடகச் சாமான் வாடகைக்கு விடும் சங்கிலி. "பெருசா, சிறுசாண்ணே?"

சோணைமுத்து கிட்டே போனான். "பெருசுன்னா?"

"பெருசுன்னா ரெண்டு ஆளு தூக்கணும்ல."

மூன்றாவது கடைக்காரர், படிக்கணக்கில் வேண்டுமா மொத்தமாகவா என்று கேட்டார். நாலாவது ஆள் முன்பணம் கேட்டார். தெரியாது என்று ஒரு வாய் சொல்லவில்லை. தெரியாது என்று சொல்லி ஆளை அனுப்பினால் அப்புறம் அவன் அந்தக் கடைப்படி ஏறமாட்டான் என்பது அங்கே பால்குடிக்கும்போதே படிக்கிற பாடம். ஆறு கடை ஏறி இறங்கியபோது துராய் அவன் மனசுக்குள் தூக்க முடியாததாகவும், அளக்கக்கூடியதாகவும், ஊரிலேயே இல்லாததாகவும் ஆகியிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மத்தியானம் கடைக்குத் திரும்பினால், வாசலில் முன்பின் தெரியாத தரகன் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, துராய் கைமாத்துறீகளாமே. நமக்கும் ஒண்ணு ரெண்டு ஒதுக்குங்க."

"எவன் சொன்னது?"

"ஊரே சொல்லுது."

ஊர் சொன்னது ஏட்டையா காதிலும் விழுந்திருந்தது. மூன்று மணிக்குள், பதில் சொன்ன ஆறு பேரும் விலை கேட்ட சோணைமுத்துவும் போலீஸ் டேசனில் வரிசையாக நின்றார்கள். இன்ஸ்பெக்டர் நாற்காலியில். பக்கத்தில் ஜமீன் காரியஸ்தர்.

"துராய் யாவாரிக எல்லாம் வந்தாச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஐயா, சத்தியமா அது என்னன்னே தெரியாதுங்க" என்றான் கண்ணுச்சாமி.

"தெரியாமயா வரத்து இல்லைன்ன?"

"வாயில வந்துருச்சுங்க."

இன்ஸ்பெக்டர் காரியஸ்தரைப் பார்த்தார். அவர் குனிந்து, தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைய ஆரம்பித்தார்.

"இது தலையில கட்டுற உருமாவுக்கு இடது பக்கம் செருகுறது. தங்கத்துல ஊசி. மேல கொக்கு இறகு, கீழ முத்துக் குஞ்சம். பட்டத்துக்கு வந்தவுக மட்டும்தான் சூடலாம், அதுவும் விசயதசமி தர்பாருக்கு மட்டும். அது இல்லாத தலைக்குப் பங்காளிக எந்திரிச்சு நிக்க மாட்டாக."

ஆறு பேரும் பயத்தை மறந்து சுற்றி நின்றுகொண்டார்கள். எம்புட்டு நீளங்க என்றான் ஒருவன். அட, இம்புட்டுத்தானா என்றான் சங்கிலி. ஒருவர் தரையில் விரல் வைத்தே அளந்து பார்த்தார்.

சோணைமுத்து நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. குஞ்சம் என்ற சொல்லிலேயே அவனுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. ஊசியில் இருந்த இறகுக்கு என்ன எடை நிற்கும் என்று போன வாரம் அவனே பிடுங்கி எறிந்திருந்தான். சுவரைப் பார்த்தான். சுவரில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்தான்.

இன்ஸ்பெக்டரும் படத்தைப் பார்க்கவில்லை. அவர் சோணைமுத்துவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏய்யா, காலையிலருந்து கடை கடையா ஏறி நீதான கேட்டுக்கிட்டு அலைஞ்ச?" குரல் சாதுவாகத்தான் இருந்தது. "இப்பச் சொல்றாக. ஒனக்குப் பாக்க வேணாமா?"

பார்க்க வேண்டும் என்றுதான் சோணைமுத்து காலைத் தூக்கினான். கால் வரவில்லை. குனிந்திருந்த ஆறு பேரும் ஒவ்வொருவராக நிமிர்ந்து அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.