வெளுக்காத நீலம்

என் நீலம் வெளுக்காது. இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். உலர்த்திய பூக்களை ஒட்டிப் படம் செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மஞ்சள் நிற்கும், நீலம் சில மாதங்களில் பழுப்பாகிவிடும். என் வீட்டுச் சுவரில் இருப்பவையோ பறித்த அன்று போலவே இருக்கும். பூவை அழுத்திவைக்கும் தாளை அடிக்கடி மாற்றினால் போதும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பேன். சாயம் தொடுகிறவர்கள் என் வகுப்புக்கு வரவே வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

அன்று என் வகுப்பில் படிக்கும் தையல்காரம்மா தன் படத்தை மறுபடியும் தூக்கிக்கொண்டு வந்தாள். நீலப்பூ தேயிலைத் தூள் நிறத்தில் இருந்தது.

"டீச்சர், நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். தாள மாத்தி மாத்தி கையே ஓஞ்சுபோச்சு."

"பசை அதிகமாப் போட்டிருப்பீங்க. என்னோடதப் பிரிச்சே காட்டுறேன், பாருங்க."

சட்டம் அடித்துக் கண்ணாடி போடுவது என் வீட்டுக்காரர் வேலை. நான் ஒட்டி முடித்ததைப் பின்னறைக்குக் கொண்டுபோவார். மூடி ஆணி அடித்த பிறகுதான் வெளியே கொண்டுவருவார். அவர் மூடியதை நான் திறந்ததே இல்லை. அன்றுதான் சுவரிலிருந்து ஒன்றை இறக்கிப் பிரித்தேன். பசை எவ்வளவு மெல்லியது என்று காட்ட, இடுக்கியால் ஓர் இதழைக் கிளப்பினேன். ஒட்டிய இதழ் தாங்குமா? உடைந்தது. ஒரு துண்டு புரண்டு விழுந்தது.

மேலே நீலம். அடியில் தேயிலைத் தூள்.

தையல்காரம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வரேன் டீச்சர், வேலை கிடக்கு" என்று கிளம்பிவிட்டாள். நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அந்தத் துண்டைப் பின்னறையில் வீட்டுக்காரர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

"என்னங்க இது?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மழுப்பப் போகிறார் என்று நினைத்தேன். மழுப்பவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"லேசா ஒரு பூச்சுதான். வெளுத்துப்போனா நீ சாப்பிடாமப் படுத்துக்குவ. அத என்னால பாக்க முடியல."

"எதெதுல?"

"நீலம் இருக்கிற எல்லாத்துலயும்."

"என் கைப்பக்குவம்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேனே! பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தான இருந்தீங்க? ஒரு தடவையாவது வாயத் திறந்தீங்களா?"

"நீ சந்தோஷமா இருந்தியேம்மா."

"சந்தோஷமா இல்ல. ஏமாந்துட்டு இருந்தேன்."

வெளியாள் செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன். கூடவே இருந்தவர் செய்ததை எப்படி மறப்பது?

படுக்கையறையில், கட்டிலுக்கு மேலே என் முதல் படம் தொங்குகிறது. கல்யாணமான புதிதில் அவர் வேலியோரம் பறித்து வந்த பூ. அது வெளுக்காமல் இருந்ததைப் பார்த்துத்தான் என் கையை நம்பி இந்த வேலையில் இறங்கினேன். அங்கே போய் நின்றேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

"இதுவுமா?"

"இது மட்டும் இல்ல. சத்தியமா நான் இதத் தொடல."

உண்மையாகவே இருக்கலாம். நேற்றாக இருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன். படத்தைக் கழற்றி மெத்தைமேல் கவிழ்த்துப் பின்பலகையின் ஆணிகளைப் பிடுங்கினேன்.

"வேண்டாம்மா, உடைஞ்சிடும்."

உடையும் என்று எனக்குத் தெரியும். இடுக்கியை எடுத்தேன்.