பூச்சியத்துக்குக் கீழே ஒரு கிணறு

எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரையில், கோவிந்தாபுரத்துக் குப்பண்ணனின் கிணற்றில் சாயம் கலந்துவிட்டதாக, நீர் ஆய்வு ஆபீஸ் கணக்கு அனுப்பும் திருவனந்தபுரத்துக் கம்ப்யூட்டர் சொன்னது. கிணறு அதை ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் பளிங்காகக் கிடந்தது. ஆனால் கிணற்றிடம் ரப்பர் ஸ்டாம்பு கிடையாதே. மோட்டாருக்குச் சீல் வைத்துவிட்டார்கள். தென்னையெல்லாம் கருகிவிடும் என்று குப்பண்ணன் நீர் ஆய்வு ஆபீசுக்கு ஓடினார்.

அங்கே கணக்குப் போடும் விஞ்ஞானி டாக்டர் சென்னிமலை காகிதச் சுருளை மேஜையிலிருந்து வாசல்வரை உருட்டிவிட்டார்.

"பூமிக்கடியில உப்பு, சாயம், தண்ணி மூணும் எப்படி ஓடுதுன்னு, ஊரையே கட்டம் கட்டமாப் பிரிச்சுக் கணக்குப் போட்டிருக்கோம். கட்டத்து ஓரத்துல துளி சாயம் நுழைஞ்சாலும், கட்டம் பூராவும் கலந்துட்டதா மிஷின் எடுத்துக்கும். அங்கிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவும்."

"அப்ப எங்கூட்டுக் கெணத்துக்குச் சாயம் வந்தது மண்ணுக்குள்ளாறயா, காயிதத்துக்குள்ளாறயா?"

"காகிதத்துலதான். எண் பரவல்னு பேரு. உலகம் பூரா இருக்கிற வியாதி," என்றார் டாக்டர், தானே பெற்று வளர்த்தவர்போல.

"பேரு வெச்சாச்சுல்லங்க? சீலை எடுத்துப்போடுங்க."

"கணக்குல எடுத்தாத்தான் கெணத்துல எடுக்க முடியும்."

பரவலை ஒடுக்க ஒரு புதுச் சூத்திரம் சேர்த்தார். பரவல் ஒடுங்கியது. கொஞ்சம் அதிகமாகவே ஒடுங்கி, குப்பண்ணனின் கிணற்றில் சாயம் பூச்சியத்துக்கும் கீழே போய்விட்டது.

"இல்லாததுக்கும் கீழயா? அங்க என்னத்தைங்க இருக்கும்?" என்றாள் குப்பண்ணனின் மனைவி பூவாத்தாள்.

ஆபீஸ் கூடி யோசித்தது. சாயத்தைக் கழிக்கும் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றுவதாவது! சாயம் ஏறிய கிணறுகளில் ஊற்றினால் எல்லாம் நேராகிவிடுமே. சீலை உடைத்தார்கள், கூடவே டேங்கர் லாரிகள் வந்து கிணற்றை உறிஞ்சத் தொடங்கின.

"ஏனுங்க டாக்டருங்க, எனக்கு மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம். சைபர்னு போட்டுக் குடுங்க."

"சைபர் வரணும்னா இன்னும் பெரிய கம்ப்யூட்டர் வேணும். இல்லேன்னா பரிசோதனையில துளி சாயம் தெரியணும். கழித்தலும் கூட்டலும் சேர்ந்து சைபராயிடும்."

குப்பண்ணன் நேராகச் சாயப்பட்டறைக்குப் போய், முதலாளி ஆறுமுகசாமியிடம் ஒரு சிட்டிகை சாயம் கேட்டார்.

"நல்லாருக்குதுங் மாமா! எம்பட பட்டறையிலிருந்து ஒரு பொட்டுச் சாயம் வெளிய போறதில்லைன்னு சர்க்காருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கறேன். உங்களுக்குக் குடுத்தா நான் பொய்யனாயிர மாட்டனா?"

பட்டறைக்குப் பின்னால் ஓடை செக்கச்செவேலென்று போய்க்கொண்டிருந்தது. குப்பண்ணன் அங்கே கிடந்த தகரக் குவளையில் மொண்டு, ஒருவர் கண்ணிலும் படாமல் துண்டால் மூடி, சொந்தக் கிணற்றைப் பார்த்து வேகமாக நடந்தார்.