வேனின் வாயை அடைத்தோம்

எங்கள் வேனுக்கு வாய் அதிகம். எனக்கும் அதிகம் என்று என் தம்பி சொல்வான், அவனை விடுங்கள். மூக்கு நீண்ட பழைய டீசல் வேன் அது. சாவியைத் திருப்பினால், இரும்பு வாளியில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி பானெட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பும். நாங்கள் தெருமுனையில் திரும்பும்போதே லாட்ஜ்காரர்கள் அழுக்குத்துணி மூட்டையை வாசலில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் சலவைத் தொழில் செய்கிறோம். லாட்ஜ்களிலும் சின்ன ஆஸ்பத்திரிகளிலும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் எடுத்துவந்து, ஷெட்டில் துவைத்துக் காயவைத்து மடித்து, திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்போம். ஷெட்டில் மெஷின் ஓடும்போது வாயைத் திறக்க முடியாது. வீட்டுக்கு வந்தால் அவர் டிவியை அலறவிட்டு, அதன் முன்னாலேயே தூங்கிவிடுவார். மகள் கூட இருந்தவரை எனக்கு இதெல்லாம் குறையாகத் தெரியவில்லை. அவள் படிக்கிறேன் என்று வெளியூர் போன பிறகுதான், நாங்கள் இரண்டு பேரும் அக்கம்பக்கமாக உட்காருகிற ஒரே இடம் அந்த வேன்தான் என்று உறைத்தது.

அங்கேயும் தொண்டை கிழியக் கத்தினால்தான் உண்டு. நான் கத்துவேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே "சரி" என்பார். எதைச் சொன்னாலும் சரிதான். ஆசையாக ஒரு விஷயம் சொன்னால்கூட, கத்திச் சொல்வதால் திட்டுகிற மாதிரியே போய் விழும். எனக்கு நாலு வார்த்தை மெதுவாகப் பேச வேண்டும். அவர் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நான் பேசுவதைக் கேட்க இந்த மனுஷனுக்கு இஷ்டம் உண்டா இல்லையா என்பதாவது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

என் தம்பி கார்களுக்கு சீட் கவரும் ஸ்பீக்கரும் மாட்டுகிற கடை வைத்திருக்கிறான். பானெட்டின் உள்பக்கம் ஷீட் ஒட்டினால் சத்தம் அடங்கிவிடும் என்றான். வீட்டுக்காரரிடம் சொன்னேன். என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு விடுமுறை நாளில் தம்பி ஷீட் சுருளும் பசையும் கத்திரிக்கோலுமாக வந்து இறங்கினான். பானெட்டைத் திறந்து, கம்பியால் முட்டுக்கொடுத்து, வருஷக்கணக்காகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை நான் சுரண்டித் துடைத்தேன். பழைய பேப்பரில் அளவு வெட்டி, அதை வைத்து ஷீட்டை நறுக்கினான். கீழே தார் மாதிரி கனமான கறுப்பு ஷீட், அதன்மேல் வெள்ளித்தாள் போர்த்திய ஃபோம். ஒரு அடுக்கு போதும் அக்கா என்றுதான் சொன்னான். ஒட்டுவதே ஒட்டுகிறாய், இரண்டு அடுக்காக ஒட்டு என்று அதட்டியது நான்தான். சட்டையே இரட்டைத் தையல் போட்டு வாங்குகிற ஆள் நான்.

வேலை முடிந்தது, பானெட் மூடவில்லை. மெத்தை அவ்வளவு தடிமன். அவர் அமுக்கிப் பார்த்தார், தம்பி அமுக்கிப் பார்த்தான், கடைசியில் நான் ஏறி உட்கார்ந்தேன். டக்கென்று பூட்டிக்கொண்டது. எந்தக் கடையிலும் இப்படி ஒரு வெயிட் கிடைக்காது என்றான் தம்பி. கையில் இருந்த பிசுக்குத் துணி நேராக அவன் மூஞ்சிக்குப் போனது. அப்புறம் பூட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஃபோமை வெட்டி எடுத்துச் சரிசெய்தான்.

சும்மா சொல்லக்கூடாது, மறுநாள் வண்டி பரம சாதுவாகப் போனது. ஆனால் அதுவரை இன்ஜின் மூடி மறைத்துவந்த வண்டவாளமெல்லாம் வெளியே வந்தது. டாஷ்போர்டு கடகடவென்றது. பக்கக் கதவு முனகியது. பின்னால் எங்கேயோ ஒரு நட்டு உருண்டுகொண்டே வந்தது. லாட்ஜ் வாசலில் மூட்டையும் இல்லை, ஆளும் இல்லை, ஹாரன் அடித்துக் கூப்பிட வேண்டியிருந்தது. இருட்டியதும் பக்கத்து வீட்டுப் பூனை குளிர்காய பானெட்டில் ஏறி, சூடே இல்லாததைக் கண்டு, நான் அடுப்பை அணைத்துவிட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போயிற்று. அன்றோடு அது எங்கள் பக்கம் வரவில்லை.

இதெல்லாம் போகட்டும். நான் காத்திருந்தது பேசுவதற்குத்தானே. முதல் நாள் மெதுவாக ஆரம்பித்தேன். மகள் நீச்சல் கற்றுக்கொள்கிறாளாம், முதல் நாளே தண்ணீரைக் குடித்துவிட்டாளாம் என்றேன். பதிலில்லை. ஓட்டுகிற கவனம் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் எனக்கு வந்த ஒரு கனவைச் சொன்னேன். அதற்கு ஒரு "சரி". கனவுக்கு யாராவது சரி சொல்வார்களா? எனக்குச் சுருக்கென்றது. அவர் மனசைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று, குரலை உயர்த்தாமல் கேட்டேன்.

"பேசாம நான் எங்க அக்கா வீட்டுக்குப் போய் அங்கேயே இருந்துடட்டுமா?"

"சரி" என்றார். சிரித்த முகத்தோடு.

இத்தனை வருஷமும் பழியை இன்ஜின் மேல் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்த ஆறுதலையும் நானே இரண்டு அடுக்கு மெத்தை போட்டு அமுக்கிவிட்டேன். என் பேச்சைக் கேட்க இவருக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து வண்டியில் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் நடுநடுவே என் முகத்தைப் பார்த்தார். ஒருநாள் கேட்காமலே வண்டியை நிறுத்தி டீ வாங்கித் தந்தார். குடித்தேன், ஆனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் குடித்தேன்.

அந்த வாரமே அது நடந்தது. ஆயில் பார்க்க அவர் பானெட்டைத் திறந்தார். இரட்டை மெத்தையின் கனத்தை அந்த ஒல்லிக் கம்பி தாங்குமா? சறுக்கிவிட்டது. பானெட் அவர் மணிக்கட்டின் மேல் விழுந்தது. நல்லவேளை எலும்பு தப்பியது, வெறும் கட்டோடு போயிற்று. எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டாவது அடுக்கு என் உபயமாயிற்றே.

ஆனால் லாட்ஜ் படுக்கைகள் நமக்காகக் காத்திருக்குமா? நான் ஓட்டுகிறேன் என்றேன். எனக்கு லைசென்ஸ் உண்டு, அவருக்கு முன்னாலேயே வாங்கியது. ஆனால் ஸ்டியரிங்கைக் கடவுளே வந்து கேட்டாலும் தராத மனுஷன் அவர். அன்றைக்கு வேறு வழியில்லாமல் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தேன்.

"கையிலயும் கட்டு, வாயிலயும் கட்டு. இவருக்குப் பதிலா ஒரு துணி மூட்டையைக் கட்டிக்கிட்டிருக்கலாம்."

"மூட்டை உனக்கு டீ வாங்கித் தருமா?"

பிரேக்கை மிதித்த மிதியில் பின்னால் இருந்த மூட்டைகள் எல்லாம் சரிந்தன. வண்டியை ஓரங்கட்டினேன். இவ்வளவு மெதுவாகச் சொன்னது எப்படிக் கேட்டது என்றேன். பக்கத்தில்தானே இருக்கிறேன், ஏன் கேட்காது என்றார். அப்படியென்றால் அக்கா வீட்டுக்குப் போய்விடட்டுமா என்றதற்கு ஏன் சரி சொன்னீர்கள் என்று பிடித்துக்கொண்டேன். அவர் முழித்தார்.

"அப்படி எப்ப கேட்ட? நீதான் என்கூடப் பேசறதே இல்லையே" என்றார். "ஷீட் ஒட்டின புதுசுல ஏதோ வாயசைச்ச, சரின்னேன். அதோட ஒரு வார்த்தை கிடையாது. முன்னெல்லாம் கத்துவ, பாதியாவது காதுல விழும், மீதிக்கு ஒரு சரி போட்டுடுவேன். இப்ப அந்தக் கத்தலும் இல்ல. நான் என்ன தப்பு பண்ணேன்னு தினமும் யோசிச்சுக்கிட்டே ஓட்டறேன்."

அப்போதுதான் ஒரு சந்தேகம் தட்டியது, இன்றைக்கு நான் உட்கார்ந்திருப்பது அவருடைய மறுபக்கம். பிறகு அவர் முகத்தைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பி, மற்றக் காதருகே அதே மூட்டைப் பேச்சைச் சொன்னேன். "என்ன?" என்றார். இந்தப் பக்கம் திருப்பிச் சொன்னேன். "திரும்பவும் மூட்டையா?" என்றார். வருஷக்கணக்காக அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதெல்லாம் கேட்காத அந்த ஒரு காதோடுதான். அவருக்கே தெரியவில்லை. நான் நினைத்த மாதிரியே அவரும் இன்ஜின் சத்தம் என்றுதான் நினைத்திருக்கிறார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புருஷனுக்குக் காது மந்தம் என்று தெரிந்து அழுது சிரித்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காது டாக்டரிடம் போனோம். அந்தக் காது மந்தம்தான், ஒரு மெஷின் வைத்துக்கொள்ளலாம், இன்னொன்று கணீரென்று இருக்கிறது என்றார். என் தம்பி சும்மா இருப்பானா? மாமா காதில் ஏற்கெனவே இரண்டு அடுக்கு இருப்பது தெரிந்திருந்தால் ஷீட்டை மிச்சம் பிடித்திருப்பேனே என்றான். அவனையே ஒரு அடுக்கை உரித்தெறியச் சொன்னேன். முட்டுக் கம்பியையும் தடிமனாக மாற்றவைத்தேன்.

கட்டுப் பிரித்த மறுநாள் காலையில் சாவியை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வேனைச் சுற்றிப் போய் என் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

"நீயே ஓட்டு. அங்க உக்காந்தா நீ சொல்றது கேக்காது."

"அதான் மெஷின் வரப்போகுதே?"

"வரட்டும். அதுவரைக்கும் விட்டுப்போனதை எல்லாம் சொல்லு."

ஸ்டியரிங் என் கையில் இருந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஷெட்டுக்கு ஊதா கலர் பெயிண்ட் அடிக்கலாமா என்று மெதுவாக, ரொம்ப மெதுவாகக் கேட்டேன்.

"முடியாது" என்றார்.

கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வாயிலிருந்து நான் கேட்ட முதல் முடியாது. என் உச்சி குளிர்ந்தது. ஏன் முடியாது என்றேன். ஊதா என்றால் எனக்கு ஆகாது என்றார். தினமும் தலையில் மாட்டிக்கொண்டு வருகிறீர்களே, அந்தத் தொப்பி என்ன கலராம் என்றேன். அது நீலம் என்றார். இப்படியே மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டு, முதல் லாட்ஜைத் தாண்டி ரொம்ப தூரம் போய்விட்டோம்.