ஏழாவது கேள்விக்குக் குடை

கண்டக்டரம்மாவுக்குத் தொண்டை பெரியது. பஸ்ஸின் முன்படியில் நின்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால் கடைசி சீட்டில் தூங்குகிறவன் எழுந்து சில்லறை தேடுவான். அந்தத் தொண்டையை இன்று கல்வி அலுவலகத்தின் மாடியறைக்குக் கொண்டுவந்திருந்தாள்.

விஷயம் அவள் மகள் குட்டியைப் பற்றியது. வகுப்பில் குட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஓர் உதவி டீச்சர் உண்டு. அடுத்த பருவத்திலிருந்து அவர் தேவையில்லை என்று அலுவலகம் எழுதிவிட்டது. உதவி டீச்சர் போனால் குட்டி பெஞ்சில் இருக்கமாட்டாள், பெஞ்சுக்கு அடியில் இருப்பாள். இது அம்மாவுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்து வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். அலுவலகத்துக்கு மட்டும் தெரியவில்லை. அலுவலகம் மாடியில் இருந்தது.

அவள் பக்கத்தில் கணவர். தொழில் டியூஷன், ஊருக்கெல்லாம் மாஸ்டர். எதற்கும் உதவாது என்று வீட்டில் கைகழுவிய பிள்ளைகளையெல்லாம் பாஸ் பண்ண வைத்தவர். பேசியே பிழைக்கிற மனுஷன், இங்கே வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை.

எதிரே அதிகாரியும், உதவி டீச்சர் இன்னும் தேவையா என்று பார்க்கக் குட்டிக்கு டெஸ்ட் வைத்த உளவியல் நிபுணரும். அந்தப் பெண்ணுக்கு வயது முப்பதுகூட இருக்காது. நடுவில் சமரசக்காரர். இந்த மாதிரிச் சண்டைகளைப் பேசித் தீர்ப்பதற்கென்றே இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக வருகிறவர். அவரிடம் ஒரு விதி இருந்தது.

"எதிர்ல இருக்கறவங்க சொன்னத முதல்ல நீங்க திருப்பிச் சொல்லணும். 'ஆமா, அதான் சொன்னேன்'னு அவங்க ஒத்துக்கிட்டாதான் உங்க பதில்."

சண்டை போட வந்தவளை ஒப்பிக்க வைக்கிறானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதிகாரி தொடங்கினார். "டெஸ்ட்ல நல்ல மார்க் வந்திருக்கும்மா. இவ்ளோ வாங்கின குழந்தைக்கு உதவி டீச்சர் குடுத்தா மேல என்னைக் கேப்பாங்க."

அவள் திருப்பிச் சொன்னாள். "எம்பொண்ணு எப்படிப் போனாலும் பரவால்ல, உங்கள மேல யாரும் ஒரு வார்த்தை கேட்டுடக் கூடாது."

"நான் அப்படிச் சொல்லல."

"அவர் சொன்னத மட்டும் சொல்லுங்கம்மா," என்றார் சமரசக்காரர், பொறுமையை வாடகைக்கு எடுத்து வந்தவர்போல.

அடுத்து நிபுணர். "படத்தைக் காட்டினா பேர் சொல்லணும். டக்கு டக்குன்னு சொன்னா. அதுவும் எவ்ளோ ஒழுங்கா, ஒவ்வொரு பதிலுக்கும் நம்பர் போட்டு. ஏழு, குடை. எட்டு, சாவி. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

அவள் நக்கலாக நீட்டி முழக்கினாள். "டக்கு டக்குன்னு சொன்னாளாம். நம்பர் போட்டுச் சொன்னாளாம். ஏழு, குடை. எட்டு..."

அதோடு நின்றுவிட்டாள்.

அவள் வீட்டு முன்னறையில் சாயங்காலமானால் கேட்கிற ஒரே மந்திரம் அது. கேள்வி நம்பர் போடாதவனுக்கு மார்க் கிடையாது. வருகிற பிள்ளைகளிடமெல்லாம் மாஸ்டர் அதைச் சொல்லிச் சொல்லி, அவளுக்கே கனவில் வந்திருக்கிறது. குடையைக் கண்டதும் ஏழு என்று சொல்லும் குழந்தை வேறு எந்த வீட்டில் வளர முடியும்?

அவள் மெல்லத் திரும்பினாள். "என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

மாஸ்டர் மேசையைப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி, உதவி டீச்சர் குடுக்கறதுக்காக ஒரு டெஸ்ட் வெச்சாங்களே, அப்ப நானும் உள்ள உக்காந்திருந்தேன். கேள்வியெல்லாம் மனசுல நின்னுடுச்சு. கேள்வி என்னன்னு தெரிஞ்சும் எப்படிச் சொல்லிக்குடுக்காம இருக்கறது?"

"அது பாஸ் பண்ற பரீட்சையாங்க?"

"பரீட்சைன்னுதானே சொன்னாங்க."

அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. அலுவலகத்துக்கென்று இத்தனை காலம் சேர்த்துவைத்த வசவெல்லாம் பக்கத்து நாற்காலிக்குச் சேரவேண்டியது. அப்படியே கழுத்தைப் பிடித்து ஜன்னல் வழியாக இறக்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அதிகாரிக்கு முதல் முறையாக முகம் மலர்ந்தது. "அப்போ தப்பு எங்க பக்கம் இல்ல."

"அதே கேள்வியத் திரும்பக் கேட்டது எந்தப் பக்கம் சார்?" என்றாள் அவள்.

இதைத் திருப்பிச் சொல்லுமாறு சமரசக்காரர் அதிகாரியைக் கேட்கவில்லை. நிபுணர் தலையைக் குனிந்துகொண்டு, "அவங்க கேக்கறது நியாயம்தான்," என்றார்.

அதன்பிறகு வேலை சுலபமாக முடிந்தது. அந்த மார்க் செல்லாது. வேறு கேள்விகளோடு புதிய டெஸ்ட். அது முடிந்து முடிவாகிறவரை உதவி டீச்சர் இருப்பார். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

நிபுணர் மாஸ்டரிடம் சொன்னார். "இந்தத் தடவை எதுவும் சொல்லிக்குடுக்காதீங்க சார். அவளுக்கு என்ன வராதுன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க."

பதில் சொல்ல அவள்தான் வாயெடுத்தாள். இந்தக் கேள்விக்கு எப்போதும் அவள்தான் பதில் சொல்வாள். போகப் போகச் சரியாயிடும் என்பதற்குமேல் மாஸ்டர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ரெண்டு வேலையச் சேத்துச் சொன்னா முதல் வேலை மறந்துடும்," என்றார் மாஸ்டர். "பெஞ்சு இழுக்கற சத்தம் கேட்டா காதப் பொத்திக்குவா. மத்த பிள்ளைங்க சிரிச்சா எதுக்குன்னு புரியாது, ஆனா தானும் சிரிச்சிடுவா. அவளப் பாத்துத்தான் சிரிக்கறாங்கன்னாலும் சிரிப்பா. உன் ஃப்ரெண்டு யாருன்னு கேட்டா, உதவி டீச்சர் பேரத்தான் சொல்வா." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அவளால முடியல மேடம். நான் சொல்லிக்குடுத்தும் முடியல."



"இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அவள்.

"தெரியும். உனக்கு முன்னாடியே தெரியும்."

கடைசி சீட்டுவரை போகிற குரல் அவளுக்கு இப்போது பக்கத்து நாற்காலிவரைதான் வந்தது.

"அப்புறம் ஏங்க இத்தன வருஷமா என்னைத் தனியா கத்த விட்டீங்க?"