கழுத்துக்கு மேலே

எங்கள் காரில் கீறல் விழுந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். டிரைவிங் ஸ்கூல் கார், அடி வாங்கத்தானே இருக்கிறது. வண்டியைப் பழுது பார்ப்பது என் வேலை. ஓட்டச் சொல்லிக் கொடுப்பது என் மனைவியின் வேலை. பழக வருகிறவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பிரேக்கக்கா. இடப்பக்க சீட்டில் அவள் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. முதலில் அதை மிதிப்பாள், பிறகுதான் திட்டுவாள்.

அந்த மழைக்காலம் முழுக்க காரின் இடப்பக்கம் மட்டும் அடிபட்டுக்கொண்டே இருந்தது. இன்றைக்குக் கண்ணாடி, நாளைக்குக் கதவு. நான் பட்டி தேய்த்து அடித்த பெயிண்ட் காய்வதற்குள் அடுத்த கீறல் வந்துவிடும். "இந்தத் தடவை வந்து சேர்ந்ததெல்லாம் தத்தி" என்பாள். நானும் ஆமாம் போட்டேன். வேறு தொழிலாக இருந்தால் யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும். எங்கள் தொழிலில் இடித்தால் அது பழகுகிறவர் தப்பு, அதோடு பேச்சு முடிந்தது. பாங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் மட்டும், "அக்கா, நான் நேராத்தான் போனேன். நீங்கதான் ஸ்டியரிங்கை இன்னும் இடது பக்கம் ஒடின்னு சொன்னீங்க" என்று அழுதாள். அவளுக்குத் திட்டு இரட்டிப்பாக விழுந்தது.

காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. "தத்திங்களோட கத்திக் கத்தி வர்றது" என்று அதற்கும் காரணம் வைத்திருந்தாள். ஒரு நாள் ஆபீஸ் கதவு நிலையில் இடது தோளைப் பலமாக இடித்துக்கொண்டாள். நிலை இருப்பதே தெரியாதவள் மாதிரி விழித்தாள். அவள் சொன்ன எதையும் காதில் வாங்காமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மூளையில் இரண்டு கட்டி. மார்பிலிருந்து போனது என்றார், அவளுக்கு முதலிலிருந்தே வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. புற்று வந்த மார்பை எடுத்து இரண்டு வருஷமாகிறது. மூன்று வாரத்துக்கு ஒரு தரம் மருந்து ஏற்றிக்கொண்டுதான் இருந்தோம். ஸ்கேன் எடுத்தபோதெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று இதே டாக்டரம்மா சிரித்த முகமாகச் சொல்லி அனுப்பினார்.

"எடுத்துப் போட்ட மார்புல இருந்து எப்படிங்க தலைக்குப் போகும்?" என்று கேட்டேன்.

"எடுக்கறதுக்கு முன்னாடியே சில செல்லுங்க ரத்தத்துல கலந்து கிளம்பியிருக்கும். போன இடத்துல சத்தமில்லாம கிடந்து பிறகு வளரும். மூளையில வளர்ந்தாலும் அது மார்புப் புத்துதான்."

"அப்ப இத்தனை நாளா ஏத்தின மருந்து என்ன பண்ணுச்சு?"

"உடம்புல நல்லா வேலை செஞ்சிருக்கு. ஆனா மூளையோட ரத்தக்குழாய்ங்கள்ல ஒரு தடுப்பு இருக்கு. கண்டதும் உள்ள போயிடக் கூடாதுன்னு அது காவல் காக்கும். அந்த மருந்தையும் பெரும்பாலும் உள்ள விடாது."

"நோயை மட்டும் விட்டுச்சாக்கும்?"

"சில செல்லுக்கு அதுல நுழையத் தெரியும். என்ன பண்றது?"

நல்ல காவல். வீட்டுக்காரனை வாசலில் நிறுத்திவிட்டுத் திருடனை உள்ளே விட்ட காவல்.

"அப்ப எல்லா ஸ்கேன்லயும் சுத்தம் சுத்தம்னீங்களே?"

"கழுத்துக்குக் கீழதாங்க எடுத்தோம். அறிகுறி இல்லாதவங்களுக்குத் தலையை எடுக்கறது வழக்கமில்ல. ஏதாவது மாற்றம் தெரிஞ்சா உடனே சொல்லுங்கன்னு சொல்லியிருந்தேனே?"

சொல்லித்தான் இருந்தார். எங்கள் வீட்டில் மாற்றம் காரில் தெரிந்தது. காரை எந்த டாக்டரிடம் காட்டுவது?

கட்டிகள் சின்னவை, குறிவைத்துக் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்றார். தலை அசையாமல் இருக்க முகத்துக்கு அளவெடுத்து வலை மாதிரி ஒரு முகமூடி செய்ய வேண்டும். நாளைக் காலையே வரச் சொன்னார். தள்ளிப்போட்டால் வீக்கம் கூடும், பிறகு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. "வண்டிப் பக்கமே போகக் கூடாது" என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

"நான் எங்க ஓட்டறேன்? ஓட்டறவங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்றாள் இவள்.

வெளியே வந்து காரில் ஏறியதும், "நாளைக்கு வரமாட்டேன்" என்றாள். "ரிப்போர்ட் மாறிப்போச்சு. உடம்பெல்லாம் சுத்தம், தலையில மட்டும் வருமா? இங்க பார்த்த கண் டாக்டர்கூட ரெண்டு கண்ணும் நல்லா இருக்குன்னாரே."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. இடது பக்கத்தைப் பார்க்கிற மூளையைத்தான் கட்டி அமுக்குது. அங்க இருட்டாகூடத் தெரியாதாம், அதான் உனக்கே புரியல."

"எனக்கு எல்லாம் தெரியுது."

கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். சுவரோடு பேசியிருக்கலாம். கடைசியில் அவளும் கத்தினாள். "மாரைக் கேட்டீங்க, குடுத்தேன். முடியைக் கேட்டீங்க, குடுத்தேன். என் தலையில கை வைக்க விடமாட்டேன்!"

வண்டியை வீட்டுக்கு விடாமல், ரிவர்ஸ் பழகுவதற்குக் கம்பு நட்டிருக்கும் எங்கள் மைதானத்துக்கு விட்டேன்.

"நான் ஓட்டறேன், நீ சொல்லு. ஒரு கம்புலயும் படாம என்னைக் கொண்டுபோயிட்டா நாளைக்குக் கூப்பிட மாட்டேன்."

வாத்தியாரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆள் நடக்கிற வேகத்தில் நகர்த்தினேன். "கொஞ்சம் இடது. இன்னும் இடது. போங்க, இடம் இருக்கு." குரலில் பழைய அதிகாரம் அப்படியே இருந்தது. அவள் பக்கத்துக் கம்பு எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் அதை அறியாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கால் தானாக பிரேக்குக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துவிட்டேன்.

"போங்க, போங்க" என்றாள்.

கண்ணாடி மடங்கி உடைந்தது. கம்பு கதவை நெடுகத் தேய்த்தது. அதற்குப் பிறகுதான் அவள் பிரேக் விழுந்தது.

அவள் திட்டவில்லை. மெதுவாக முகத்தை இடப்பக்கம் திருப்பினாள், கழுத்து நோகுமளவுக்குத் திருப்பினாள். ஜன்னலை ஒட்டி நின்ற கம்பை அப்போதுதான் பார்த்தாள்.

"இது இங்கயா இருந்துச்சு?"

"எப்பவும் இங்கதான் இருக்கு. நீதான் நட்ட."

ஜெயித்ததற்கு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் சொன்னது சரியாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினேன். அவள் இறங்கி, காரைக் கையால் தடவிக்கொண்டே போய், பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

நான் ஓட்டி அவள் வாயை மூடிக்கொண்டு வந்ததாக சரித்திரமே கிடையாது. அன்று தெருவைத் தாண்டி மெயின் ரோடு வந்தும் ஒரு சத்தம் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. வேண்டுமென்றே கியரைக் கரகரவென்று மாற்றினேன். இண்டிகேட்டர் போடாமல் திரும்பினேன்.

"திட்டித் தொலையேன்டி!" என்று கத்தினேன்.

பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"முன்னாடி பார்த்து ஓட்டுங்க" என்றாள். "நாளைக்கு அந்த முகமூடிக்குப் போகணும்ல. அதுவரைக்குமாவது உயிரோட கொண்டுபோய்ச் சேருங்க."