வாசல் வரை வந்த தரைவிளக்கு

தெருவிளக்குக் கம்பங்களைப் பிடுங்கிய வருடத்தில், லாரி டிரைவரின் வீட்டு வாசலுக்கு இல்லாத ஆள் ஒருவன் தினமும் வர ஆரம்பித்தான். அவன் வருவதை ஊரே பார்த்தது. கரண்ட் பில் கட்டி மாளாத நகராட்சி, கம்பங்களுக்குப் பதிலாகச் சாலைகளின் நடுவில் சோப்பு டப்பா அளவு தரைவிளக்குகளைப் பதித்திருந்தது. பகல் வெயிலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஆளோ வண்டியோ வரும்போது மட்டும் முன்னால் நாலைந்து எரியும். கடந்து போனதும் அணைந்துவிடும். சிக்கனம் என்றால் அப்படி ஒரு சிக்கனம். ஒரே குறை, வெளிச்சம் கீழே இருந்ததால் செருப்பு தெரிந்தது, முகம் தெரியவில்லை. எதிரே வருவது மாமனாரா வழிப்போக்கனா என்று குரல் கேட்ட பிறகுதான் சொல்ல முடிந்தது. பாதி ஊர் மீதி ஊரைச் சந்தேகப்படப் பழகிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில்தான், ஒரு மாலை இருட்டும் நேரம், பேருந்து நிலையத்திலிருந்து விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டே வந்தன. மனிதன் நடக்கிற வேகம். மேலே மனிதன் இல்லை. அந்த வெளிச்சம் தண்ணீர்த் தொட்டி முனையில் கொஞ்சம் நின்று, திரும்பி, நேராக டிரைவர் வீட்டு வாசலுக்கு வந்து, வெகுநேரம் அங்கேயே எரிந்துவிட்டு அணைந்தது.

நகராட்சி இன்ஜினியர் வந்து ஈரம் இறங்கியிருக்கும் என்றார். பழைய விளக்குகளைப் பெயர்த்துவிட்டுப் புதியவற்றைப் பதித்தார். அன்று மாலையும் அது வந்தது. இன்ஜினியர் பைக்கை ஓரங்கட்டி வழிவிட்டார். தபால்காரரைக் கூடச் சும்மா விடாத தெருநாய்கள் அதைப் பார்த்து ஒரு தரமும் குரைக்கவில்லை, வாலை ஆட்டிக்கொண்டு கூடவே நடந்தன. நாய்க்குப் பழகிய ஆள் என்றால் எத்தனை நாளாக வந்து போகிறானோ என்று தெரு கணக்குப் போட்டது. டிரைவரின் மனைவி தையல்காரி. ஜன்னலோரம் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். அளவு கொடுக்க வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவள் டேப்பை மட்டும் பார்த்தாள்.

எதிர்வீட்டில் இருந்த டிரைவரின் அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. போன் போட்டாள். "நான் ஒண்ணும் சொல்லலடா தம்பி. சொன்னா குடும்பத்தைக் கெடுத்தவள்னு எனக்குத்தான் கெட்ட பேரு. ஆனா நீ ஊர்ல இருக்கிறப்ப அது வர்றதில்ல. அதை மட்டும் காதுல போட்டுட்டேன்."

டிரைவர் ஏற்கெனவே சந்தேகப் பிராணி. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, பாதி வழி போனபின் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுக்கிற ஆள். சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்து அக்கா வீட்டு மாடியில் ஒளிந்துகொண்டான். அந்த வாரம் முழுக்க ஒரு விளக்கும் சும்மா எரியவில்லை. எவனோ துப்புக் கொடுக்கிறான் என்று முடிவு கட்டி, இறங்கிப் போய் மனைவி முன்னால் நின்றான்.

"யாரு அது?"

"வர்றப்ப நீங்களே கேட்டுக்குங்க," என்றாள் அவள், மெஷினை நிறுத்தாமல்.

"நான் இருந்தாத்தான் வரமாட்டேங்குதே!"

"அது ஏன்னு கொஞ்சம் யோசிங்க."

அவன் யோசிக்கவில்லை. கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டான். மெஷின் நின்றது. அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்துக் காட்டினாள். துணிமணிகளை அடுக்கித் தயாராக வைத்திருந்தாள். "இன்னொரு தடவை இப்படிக் கேட்டீங்கன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் கூப்பிட வராதீங்க," என்றாள். சொன்னால் செய்கிறவள் என்று அவனுக்குத் தெரியும். பயந்துபோய் லாரியில் ஏறினான், ஆனால் சந்தேகத்தையும் கூடவே ஏற்றிக்கொண்டான்.

தூரத்து ஊர் ஒன்றில் சரக்கு இறக்க வரிசையில் நின்றபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பொழுது சாய்ந்தால் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் வீட்டுக்குப் போவான். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து, தண்ணீர்த் தொட்டி முனையில் பையைத் தோள் மாற்றி, வாசலில் நின்று உள்ளே யார் குரல் கேட்கிறது என்று காது கொடுப்பான். அன்று அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அக்கா போனில் இருந்தாள். மாடியில் நின்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கிளம்பிட்டான்டா... நடந்து வர்றான்... தொட்டிகிட்ட நிக்கிறான்."

டிரைவரின் கை, இல்லாத பையை அப்போதுதான் இடது தோளுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக, மனசுக்குள் திரும்பி நடந்து பார்த்தான்.

"ஐயையோ, திரும்பிட்டான்டா! வந்த வழியே போறான்!"

ஓடிப் பார்த்தான்.

"ஓடறான்! நீ போன் பேசுறது அவனுக்குக் கேக்குதோ என்னமோ!"

"போனை வை அக்கா," என்றான் டிரைவர். வெட்கத்தில் வெகுநேரம் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்திருந்தான். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்த பிறகே நகர்ந்தான்.

ஊருக்கு வந்து உண்மையைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. "உங்க நடை எனக்குத் தெரியாதா? முனையில நின்னு தோள் மாத்துறது இந்த ஊர்ல வேற யாரு? நாய்க்கே தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நம்பியிருப்பீங்களா?"

அவன் தோளிலிருந்த பையை இறக்கி வைத்தான்.

"தினமும் இவ்வளவு தூரம் வர்றீங்க. வந்து ஒட்டுக் கேட்டுட்டுப் போறீங்க. ஒரு நாளாவது உள்ள வந்தீங்களா?" என்று கேட்டபோதுதான் அவள் குரல் உடைந்தது.

அவளே இன்ஜினியரிடம் போய், மிச்சமிருந்த தரைவிளக்கு ஒன்றை வாங்கி வந்து, கொத்தனாரை வைத்து வாசற்படிக்கு உள்ளே, மெஷினுக்குப் பக்கத்தில் பதித்தாள். பகலில் ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்தது. வீட்டுக்குள் விளக்கு பதிக்க விதியில்லைதான். நகராட்சிக்குச் செலவில்லாததால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. டிரைவர் மறுபடி வெளியூர் போனான். மாலைகளில் விளக்குகள் வந்தன, வாசலில் நின்றன, அணைந்தன. உள்ளே இருந்தது அவள் நடந்தால் எரிந்தது, அவனுக்கு மட்டும் எரியவே இல்லை. அவன் முயற்சி செய்யாமல் இல்லை; படியில் கால் வைக்கும்போதெல்லாம் காது தானாக நீண்டுகொண்டது. மழைக்காலம் வந்து போயிற்று. பை கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. அக்கா மட்டும், வருகிறவன் தம்பிதான் என்று தெரிந்த பிறகும், தன் மாடி ஜன்னலை விட்டு நகரவில்லை.

ஒரு மாலை, எங்கோ ஒரு டோல்கேட்டுக்கு முன்னால், அவன் மிகவும் களைத்திருந்தான். கண்ணை மூடியவன் தோள்கூட மாற்றாமல் நடந்து, வாசலில் நிற்க மறந்து, படியேறிப் போய் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். எதையும் கேட்கத் தோன்றவில்லை. போன் அடித்தது.

"செருப்பைக் கழட்டிட்டுத்தானே வந்தீங்க? இப்பதான் தரையைத் துடைச்சேன்," என்றாள் அவள்.

"கழட்டிட்டேன்," என்றான்.

"சரி, உக்காருங்க. பையிலிருந்த துணியை அலமாரியில அடுக்கிட்டு வந்துடறேன்."